எந்தத் தராசை நம்புவது?

(திருத்தணியில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை இந்த அறைக்குள் வரும்போது வாசலருகே இரண்டு எடை பார்க்கும் கருவிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று முள் சுழலும் பழைய கருவி. மற்றது கண்ணாடித் தட்டு வைத்த மின்னணுக் கருவி. இரண்டிலும் ஏறிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். ஏறிய எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள்: "இது ஒண்ணு காட்டுது, அது ஒண்ணு காட்டுது, எது சரி?" சிலர் கேட்கவே இல்லை. எது குறைவாகக் காட்டியதோ அதுவே சரி என்று முடிவு செய்து உட்கார்ந்துவிட்டீர்கள். சிரிக்க வேண்டாம், என் வீட்டில் நானும் அப்படித்தான்.

நமக்கு இது வேடிக்கை. ஆனால் இதே கேள்வியை ஒரு தாய் என்னிடம் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். அதில் தவறு என்னுடையது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாம் எல்லோரும் மாணவர்களின் உயரத்தையும் எடையையும் பதிவேட்டிலும் எமிஸ் தளத்திலும் பதிகிறோம். நானும் அப்படித்தான் ஒரு ஜூன் மாதம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை முள் தராசில் நிறுத்தி எடை எழுதினேன். அது பழுதானதுபோல் தோன்றியதால் டிசம்பரில் என் சொந்தச் செலவில் மின்னணுத் தராசு ஒன்று வாங்கி வந்து, வகுப்பறையிலேயே வைத்து மறுபடி எடை பார்த்தேன். ஒரு மாணவிக்கு ஜூனில் 29.0 கிலோ. டிசம்பரில் 27.6 கிலோ. வளரும் வயதில், ஆறு மாதத்தில், 1.4 கிலோ குறைவு. பன்னிரண்டு வயது, உயரம் 140 சென்டிமீட்டர். பி.எம்.ஐ. கணக்கிட்டேன். எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 14.1. உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு 14.4-க்குக் கீழே போனால் அது மெலிவு. நான் பயந்துவிட்டேன். "அம்மாவைக் கூட்டிட்டு வா" என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தக் குடும்பம் தறி ஓட்டிப் பிழைக்கும் குடும்பம். ஒருநாள் தறி நின்றால் ஒருநாள் கூலி இல்லை. அந்த அம்மா வேலையை விட்டுவிட்டு வந்தார். நான் சொன்னதைக் கேட்டு மறுநாளும் வேலையை விட்டுவிட்டு மகளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே எடை 28.9 கிலோ. மருத்துவர் பரிசோதித்துவிட்டு, பெண் நன்றாகத்தான் இருக்கிறாள், எதில் எடை பார்த்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடுத்த நாள் அந்த அம்மா என்னிடம் வந்து, கோபப்படாமல், நிதானமாகச் சொன்னார்: "டீச்சர், ஜூன்ல ஒரு மிஷின் ஒண்ணு சொல்லிச்சு. இப்ப உங்க மிஷின் ஒண்ணு சொல்லுது. ஆஸ்பத்திரி மிஷின் வேற சொல்லுது. என் பொண்ணு ஒருத்திதானே? நான் எதை நம்பறது?"

அன்று மாலை பதிவேட்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு மட்டும் இல்லை, வகுப்பில் ஏறத்தாழ எல்லோருக்கும் எடை குறைந்திருந்தது. ஒரு வகுப்பே ஒரே சமயத்தில் இளைக்குமா? அந்தச் சந்தேகம் எனக்கு முதலிலேயே வந்திருக்க வேண்டும். அளவீட்டில் ஏற்படும் பிழைகளைப் பற்றி வருடாவருடம் பாடம் நடத்துகிறேன். அந்தப் பாடம் கரும்பலகையோடு நின்றுவிட்டது.

மறுநாள் அந்தப் பாடத்தை மாணவர்களோடு சேர்ந்து உண்மையிலேயே நடத்தினோம். காய்கறி மண்டியில் கேட்டு, முத்திரை குத்திய 5 கிலோ இரும்பு எடைக்கற்கள் நான்கை வாங்கி வந்தோம். மொத்தம் 20 கிலோ. முள் தராசில் எதையும் வைக்காதபோதே முள் அரைக் கிலோவில் நின்றது. நான்கு கற்களையும் வைத்தால் 21 கிலோ காட்டியது. மின்னணுத் தராசை டிசம்பரில் வைத்திருந்த அதே இடத்தில், வகுப்பறைத் தரையில் வைத்தோம். 19.2 கிலோ. "சார்ஜ் இல்ல டீச்சர்" என்றான் ஒருவன். பேட்டரி மாற்றினோம். அதே 19.2. பிறகு ஒரு மாணவி தராசைத் தூக்கிக்கொண்டு போய் வராந்தாவின் சிமெண்டுத் தரையில் வைத்தாள். 20.0 கிலோ!

கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஜூனில் அந்தப் பெண்ணின் உண்மையான எடை 28 கிலோவை ஒட்டி இருந்திருக்கிறது. டிசம்பரில் 28.8 கிலோவை ஒட்டி. மருத்துவமனை சொன்னதும் அதைத்தான். பி.எம்.ஐ. 14.7. அவள் இளைக்கவே இல்லை. ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை கூடித்தான் இருந்தாள். கூடியதைக் குறைந்ததாகக் காட்டியவை இரண்டு தராசுகளும் ஒரு தரையும். அதை நம்பி ஒரு தாயின் இரண்டு நாள் கூலியைப் போக வைத்தவள் நான்.

இனி, ஏன் இப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

முள் தராசைத் திறந்து பார்த்தால் உள்ளே நெம்புகோல்கள் இருக்கும். நாம் ஏறி நிற்கும் தட்டின் நான்கு மூலைகளிலும் விழும் பாரத்தை அவை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து ஒரு சுருள்வில்லை இழுக்கின்றன. வில் எவ்வளவு நீள்கிறதோ அந்த அளவுக்குப் பல்சக்கரம் வழியாக முள்ளோ எண் தட்டோ சுழல்கிறது. விசைக்கு ஏற்ப நீட்சி என்ற ஹூக் விதிதான். ஆனால் வில் புதிதாக இருக்கும்போது இருந்த விறைப்பு பத்து ஆண்டு கழித்து இருக்காது. நெம்புகோல் ஊன்றும் இடத்தில் துருவும் தூசியும் சேரும். வெறும் தட்டிலேயே முள் பூச்சியத்தில் நிற்காது. நாம் வெர்னியர் அளவுகோலில் சொல்லித்தரும் சுழிப்பிழை இதுதான். அதைத் திருத்த, தராசின் ஓரத்தில் ஒரு சிறு சக்கரம் இருக்கும். எத்தனை பேர் அதைத் திருப்பியிருக்கிறோம்? நடுவுநிலைமைக்கு உவமை தேடிய வள்ளுவர், முதலில் தான் சமனாக நின்று பிறகு பொருளைத் தூக்கும் துலாக்கோலைத்தான் காட்டினார். தராசு முதலில் தான் நேராக நிற்க வேண்டும் என்பதை அவரிடமிருந்தே தொடங்கலாம்.

சுழிப்பிழையைத் திருத்தினாலும் எங்கள் முள் தராசு முழுவதும் சரியாகிவிடவில்லை. அரைக் கிலோவைக் கழித்த பிறகும் 20 கிலோவுக்கு 20.5 காட்டியது. பாரம் கூடக்கூட இந்த இரண்டாவது பிழையும் கூடும். ஆகவே பூச்சியம் சரியாக இருந்தால் தராசு சரி என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைகளின் எடைக்கு நெருக்கமான, தெரிந்த ஓர் எடையையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

மின்னணுத் தராசு வேறு விதம். அதன் நான்கு கால்களிலும் நான்கு சிறு உலோகத் துண்டுகள் இருக்கின்றன. பாரம் விழும்போது அவை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகின்றன. அவற்றின்மேல் ஒட்டிய மெல்லிய மின்தடைப் பட்டையும் சேர்ந்து நீள்கிறது. நீளும் கம்பியின் மின்தடை கூடும். அந்த மிகச் சிறிய மாற்றத்தை, பன்னிரண்டாம் வகுப்பில் நடத்தும் வீட்ஸ்டன் சமனச் சுற்றின் வழியாக அளந்து எண்ணாக மாற்றுகிறார்கள். அதாவது அந்தத் தராசுக்குத் தெரிவதெல்லாம் அதன் நான்கு கால்கள் வழியாகத் தரைக்கு இறங்கும் பாரம் மட்டும். வேறு வழியாக இறங்கும் பாரம் அதற்குத் தெரியாது.

எங்கள் வகுப்பறையில் நடந்தது அதுதான். இந்தப் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் கடப்பைக் கல் தரைதான் இருக்கிறது. இரண்டு கல் சேரும் இடத்தில் ஒன்று சற்றுத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த விளிம்பு தராசின் அடிவயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. பாரத்தில் ஒரு பங்கு கால்கள் வழியாகப் போகாமல் நேரே கல்லுக்குப் போய்விட்டது. போன பங்கு எண்ணில் வரவில்லை. ஜமக்காளம், மிதியடி, மெத்தென்ற விரிப்பு, எதன்மேல் வைத்தாலும் இதே சிக்கல்தான். தராசின் கால்கள் விரிப்பில் அமுங்க, அடிப்பாகம் விரிப்பில் உட்கார்ந்துவிடும். எனவே வீட்டில் ஓர் அறையில் ஓர் எடையும் இன்னோர் அறையில் வேறோர் எடையும் காட்டுவதில் மாயம் எதுவும் இல்லை.

மின்னணுத் தராசில் இன்னொரு மயக்கமும் உண்டு. அது 28.75 என்று இரண்டு தசம இடம் காட்டினால் அத்தனையும் உண்மை என்று நம்பிவிடுகிறோம். 50 கிராம் என்பது அதன் மீச்சிற்றளவு, அவ்வளவுதான். மீச்சிற்றளவு சிறிதாக இருப்பதால் அளவு சரியாக இருக்கும் என்று பொருளில்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தில் துல்லியத்தன்மை வேறு, நுட்பம் வேறு என்று படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. கடப்பைக் கல்மேல் எங்கள் தராசு பத்து முறையும் மாறாமல் 19.2 என்றே சொன்னது. பத்து முறை ஒரே பொய். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அது சரியான எண் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு இருக்கிறது. சில வீட்டுத் தராசுகள் முந்தைய அளவை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த எடை அதற்கு மிக அருகில் இருந்தால் பழைய எண்ணையே காட்டும்படியும் செய்யப்படுகின்றன. அப்படிப்பட்டதைச் சோதிக்க வேண்டுமானால் இடையில் வேறு ஒரு எடையை வைத்து எடுத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

அடுத்தது நிற்பவர். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால் எடை குறையும். ஓரத்தில் நின்றால் சில தராசுகளில் மாறும். எண் நிலைக்கும்முன் அசைந்தால் மாறும். பின்னால் நிற்கும் தோழி கால் விரலால் தட்டை அழுத்தினால் கூடும். இதை நீங்கள் எல்லோரும் வகுப்பில் பார்த்திருப்பீர்கள்.

இதுவரை தராசைக் குற்றம் சொன்னேன். ஆனால் உடம்பும் ஒரே எடையில் நிற்பதில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தால் அந்த நிமிடமே ஒரு கிலோ கூடும். 100 கிராம் அரிசி வெந்தால் நீரேறி ஏறத்தாழ மூன்று மடங்கு எடையாகும். அதோடு சாம்பாரும் ஒரு முட்டையும் சேர்த்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு பிள்ளையின் எடை அரைக் கிலோ அளவுக்கு வேறுபடும். அரைப்பாவாடை சட்டையும் குளிர்கால ஸ்வெட்டரும் ஒரே எடை இல்லை. ஷூ, பெல்ட், சட்டைப்பையில் உள்ள கோலிக்குண்டு எல்லாம் சேர்ந்துதான் தராசில் ஏறுகின்றன.

சாப்பிடாமல் குடிக்காமல் சும்மா இருந்தாலும் எடை குறைந்துகொண்டே இருக்கும் என்பதை முதன்முதலில் பொறுமையாக அளந்து காட்டியவர் இத்தாலியின் பதுவா நகரில் இருந்த சாந்தோரியோ என்ற மருத்துவர். ஒரு பெரிய தராசுக் கோலில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து, தான் உண்டதையும் குடித்ததையும் கழித்ததையும் பல ஆண்டுகள் எடை போட்டார். உள்ளே போனதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் மூச்சாகவும் தோலின் ஈரமாகவும் வெளியேறுவதைக் கண்டு 1614இல் நூலாக எழுதினார். இரவில் தூங்கி எழும்போது நாம் சில நூறு கிராம் குறைந்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

நம் ஊரில் இருந்துகொண்டு மலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? "மலைமேல் ஏறினால் புவிஈர்ப்பு குறையும், அப்போது எடையும் குறையுமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். குறையும். முருகன் கோயிலுக்கு 365 படி. ஒரு படி அரையடி என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 55 மீட்டர் உயரம். அந்த உயரத்துக்கு 60 கிலோ உள்ள ஒருவரின் எடை, வில் தராசில், ஏறத்தாழ ஒரு கிராம் குறையும். ஒரே ஒரு கிராம்! ஆனால் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துப் படியேறும் ஒருவர் வியர்வையாக இழப்பது அதைப்போல் பல மடங்கு. மொட்டை போட்டுக்கொண்டு இறங்கினால் முடியின் எடையும் போகும். எது பெரிய காரணம், எது சிறிய காரணம் என்று எண்ணிட்டுப் பார்க்கும் பழக்கத்தை இந்த ஒரு கேள்வியை வைத்தே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்.

இடம் மாறினாலும் புவிஈர்ப்பு மாறும். பூமி சுழல்வதாலும் துருவப் பக்கம் சற்றுத் தட்டையாக இருப்பதாலும் நிலநடுக்கோட்டை நோக்கி வரவர அது குறையும். தில்லியில் சரிபார்த்த ஒரு வில் தராசை அப்படியே திருத்தணிக்குக் கொண்டுவந்தால் 60 கிலோ ஆளுக்கு ஏறத்தாழ 50 கிராம் குறைத்துக் காட்டும். மின்னணுத் தராசும் பாரத்தைத்தான், அதாவது விசையைத்தான், உணர்கிறது என்பதால் அதற்கும் இது பொருந்தும். இரண்டு தட்டுத் தராசுக்கு மட்டும் பொருந்தாது. குருவாயூரில் துலாபாரம் கொடுக்கும்போது ஒரு தட்டில் ஆளும் மறு தட்டில் வெல்லமோ வாழைப்பழமோ இருக்கிறது. ஈர்ப்பு குறைந்தால் இரண்டு பக்கமும் சமமாகக் குறையும். ஆகவே அது நிறையை ஒப்பிடுகிறது. நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டை நிலாவுக்குப் போய்த்தான் விளக்க வேண்டும் என்பதில்லை. ஒரு துலாபாரமும் ஒரு முள் தராசும் போதும்.

அப்படியானால் தராசுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக என்ன வழி? எல்லாமே ஒரே தாய்த் தராசோடு ஒப்பிடப்பட வேண்டும். ஒரு காலத்தில் சேர் என்றால் சென்னைப் பக்கம் 24 தோலா, ஏறத்தாழ 280 கிராம். வட இந்தியாவில் அதே சேர் 80 தோலா, ஏறத்தாழ 933 கிராம். பெயர் ஒன்று, எடை வேறு. 1956இல் எடை அளவைத் தரச் சட்டம் வந்து, 1958 அக்டோபரிலிருந்து கிலோகிராம் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தது. அப்போது நம் திருத்தணி ஆந்திர மாநிலத்தில் இருந்தது. ம.பொ.சி. உள்ளிட்டோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்றுதான் நாம் இந்தப் பக்கம் வந்தோம். இன்றைக்கும் நகரிப் பக்கம் போனால் பேச்சு மாறும், பேருந்துப் பலகை மாறும். நம் வகுப்பிலேயே வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் உண்டு. ஆனால் கிலோவுக்கு எல்லை கிடையாது.

அந்தக் கிலோவின் தாய்க்கட்டி 1889 முதல் பாரிஸ் அருகே பாதுகாக்கப்பட்ட பிளாட்டினம்-இரிடியம் உருளை. அதன் 57ஆம் எண் பிரதி தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. 2019 மே 20 முதல் அந்த உலோகக் கட்டிக்குப் பதிலாகப் பிளாங்க் மாறிலி என்ற இயற்கை மாறிலியை வைத்துக் கிலோகிராமை வரையறுக்கிறார்கள். மேலிருந்து படிப்படியாக இறங்கி, கடைசியில் நம் ஊர் மண்டியின் 5 கிலோ கல்லில் குத்திய முத்திரை வரை அந்தச் சங்கிலி வருகிறது. எடைக்கற்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் மின்னணுத் தராசுகளை ஆண்டுக்கு ஒருமுறையும் சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்பது விதி. கத்தரிக்காய் நிறுக்கும் தராசுக்கு இந்தக் காவல் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கென்று வாங்கி நாம் பள்ளிக்குக் கொண்டுவரும் தராசோ முத்திரையையே பார்த்திருக்காது.

2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தில் ஓர் அழகான வரையறை இருக்கிறது. அந்தச் சட்டம் வியாபாரத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒரு மனிதரின் நலனைக் காக்க என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுக்கப் பயன்படும் அளவீட்டையும் 'பாதுகாப்பு' என்ற பெயரில் தனியே குறிப்பிடுகிறது. நாம் பிள்ளைகளுக்கு எடை பார்ப்பது அதற்காகத்தானே?

நம் மாநிலத்துக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. 1980இல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்து, எடை சரியாக ஏறாத குழந்தைக்குக் கூடுதல் சத்துணவு கொடுத்தார்கள். குழந்தை தேறியதும் அதை நிறுத்தினார்கள். எந்தக் குழந்தைக்கு உணவு என்பதைத் தராசு முடிவு செய்தது. ஒரு வயதை ஒட்டிய குழந்தைக்கு மாதம் ஏறும் எடையே ஏறத்தாழ 200 கிராம்தான். 100 கிராம் பிரிவுகள் கொண்ட தொங்கு தராசில், குழந்தை கைகால் உதைக்கும்போது, இரண்டு கோடு தள்ளிப் படித்தால் ஒரு மாத வளர்ச்சியே மறைந்துபோகும், அல்லது இல்லாத வளர்ச்சி தோன்றிவிடும். முதலாவதில் வளரும் குழந்தைக்கு உணவு போகும். இரண்டாவதில் வாடும் குழந்தைக்குப் போகாது. ஒவ்வொரு மாதமும் முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் குழந்தையைத் தொங்கவிட்ட பணியாளர்கள் ஓர் அறிவியல் ஆசிரியர் செய்யும் வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்.

அந்த மாணவியின் விஷயத்துக்குப் பிறகு எங்கள் பள்ளியில் சில வழக்கங்களை வைத்துக்கொண்டோம். செலவில்லாதவை. உங்கள் பள்ளிக்கும் ஒத்துவரும் என்பதால் சொல்கிறேன்.

முதலாவது, தராசுக்கு ஓர் இடம். வராந்தாவில் சமமான சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் நான்கு மூலை வரைந்திருக்கிறோம். எடை எப்போதும் அங்கேதான் பார்ப்போம்.

இரண்டாவது, எடை பார்க்கும் நாளில் முதலில் தராசை எடை பார்ப்போம். வெறும் தட்டில் பூச்சியம் வருகிறதா, 20 கிலோ கல் வைத்தால் 20 வருகிறதா என்று இரண்டு மாணவர்கள் பார்த்து எழுதுவார்கள். எடைக்கல் கிடைக்காதவர்கள் தண்ணீரைப் பயன்படுத்தலாம். காலிக் கேனை முதலில் கடையின் முத்திரைத் தராசில் நிறுத்துக்கொண்டு, அளந்து 20 லிட்டர் தண்ணீர் ஊற்றினால், நம் ஊர் வெயிலில் தண்ணீர் மட்டும் 19.9 கிலோ இருக்கும். அடர்த்திப் பாடமும் அதோடு முடிந்துவிடும்.

மூன்றாவது, ஒரே நேரம். காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும், ஷூவும் பெல்ட்டும் கழற்றிவிட்டு, சட்டைப்பையைக் காலி செய்துவிட்டு. காலை உணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அது முடிந்த பிறகே எடை. எடைக்காக ஒரு பிள்ளையும் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

நான்காவது, எண்ணோடு சேர்த்து எந்தத் தராசு, எந்தத் தேதி என்பதையும் பதிவேட்டில் எழுதுகிறோம். தராசு மாறினால், பழையதிலும் புதியதிலும் ஒரே நாளில் பத்துப் பிள்ளைகளை நிறுத்திப் பார்த்து வேறுபாட்டைக் குறித்துக்கொண்ட பிறகே ஒப்பிடுகிறோம்.

ஐந்தாவது, ஒரு பிள்ளையின் எடை குறைந்ததாகத் தெரிந்தால் பெற்றோரை அழைக்கும்முன் மறுபடி நிறுத்துப் பார்க்கிறோம். வகுப்பே குறைந்திருந்தால் தராசைப் பார்க்கிறோம். இறங்கிச் சரிபார்த்த பிறகும் ஒரு பிள்ளைக்கு மட்டும் குறைந்திருந்தால் ஒருநாளும் தாமதிக்காமல் பெற்றோரிடமும் மருத்துவக் குழுவிடமும் சொல்கிறோம். தராசுமேல் சந்தேகம் வைப்பது, பிள்ளையின் உடல்நிலையைத் தள்ளிப்போடுவதற்குச் சாக்காகிவிடக் கூடாது.

ஆறாவது, எடையைச் சத்தமாகப் படிப்பதில்லை. எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளையின் எடையை வகுப்பே கேட்கும்படி நாம் சொன்ன பிறகு அவள் எத்தனை நாள் மதியச் சாப்பாட்டைத் தொடாமல் இருப்பாள் என்பதை எந்தத் தராசும் காட்டாது. அவளுக்கு மட்டும் தெரியும்படி காட்டிவிட்டு எழுதிக்கொண்டால் போதும்.

அந்த அம்மாவிடம் பிறகு என்ன சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சனிக்கிழமை அவரையும் மகளையும் பள்ளிக்கு வரச் சொன்னேன். முதலில் வராந்தாவில் எடைக்கற்களை வைத்து 20 கிலோ வருவதைக் காட்டினேன். பிறகு அதே தராசை வகுப்பறைக் கடப்பைக் கல்மேல் வைத்து 19.2 வருவதைக் காட்டினேன். பிறகு வராந்தாவில் மகளை நிறுத்தினேன். 29.1. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் தறியில் நூலின் இழுப்பு ஓர் இழை மாறினாலும் கைக்குத் தெரிந்துவிடும் என்பவர். கொஞ்ச நேரம் தரையையே பார்த்துவிட்டு, "அப்ப என் பொண்ணுகிட்ட தப்பு இல்ல, தரையிலதான் தப்பு" என்றார். "ஆமாம்மா, தரையிலயும் என்கிட்டயும்" என்றேன்.

இன்று வாசலில் வைத்திருந்த இரண்டு தராசுகளும் அந்தக் கதையில் வந்த அதே தராசுகள்தான். எடைக்கற்களையும் மேசைக்கு அடியில் வைத்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் நீங்களே அவற்றைத் தூக்கி வைத்து, இந்த அறையின் தரையிலும் வராந்தாவிலும் பார்த்துவிட்டு, எந்தத் தராசை எந்த அளவுக்கு நம்பலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை பள்ளிக்குப் போனதும் உங்கள் பள்ளித் தராசையும் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்.